சைபர் பாதுகாப்புத் துறையில் பன்முகத்தன்மை வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

பெண்கள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், கணினி அல்லாத படிப்பு படித்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் இந்த வேலைக்கு வருவதைத்தான் பன்முகத்தன்மை என்கிறார்கள். கணினிகளைத் தாக்குபவர் எந்த வழியாக வருவார் என்று முன்கூட்டியே ஊகிப்பதுதான் இங்கே பாதி வேலை. ஒரே மாதிரி வாழ்ந்தவர்கள் ஒரே மாதிரிதான் ஊகிப்பார்கள். அப்பா வாசல் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். கொல்லைச் சுவரேறிக் குதிக்கலாம் என்பது பையனுக்குத்தான் தெரியும்.

2021-இல் வந்த ஆப்பிள் ஏர்டேக்கையே பாருங்கள். தொலைந்த சாவி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் சின்னக் கருவி அது. சிலர் அதைப் பெண்களின் கைப்பையிலும் காரிலும் ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்தார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்களுக்கு, யாரோ வைத்த ஏர்டேக் கூடவே வருகிறது என்று ஆரம்பத்தில் போனில் எச்சரிக்கையே வரவில்லை. குடும்ப வன்முறையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆபத்து சட்டென்று தோன்றும்.

அமெரிக்கப் பேராசிரியர் அம்பரீன் சிராஜ் 2012-இல் 'விமன் இன் சைபர்செக்யூரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். மாணவிகளையும் ஏற்கெனவே துறையில் இருக்கும் பெண்களையும் மாநாடுகளில் அது சந்திக்க வைக்கிறது. வெறும் ஊக்கப் பேச்சைவிட இது மேல். பாதி வேலைகள் அறிமுகத்தால்தானே கிடைக்கின்றன!

அப்புறம், பன்முகத்தன்மை என்றாலே தகுதியைக் குறைத்து ஆள் எடுப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, தேர்வு அதேதான், எழுத வருபவர்கள்தான் அதிகமாகிறார்கள்.