வேகத்தைக் கூட்டினால் இயந்திரம் ஆடுகிறது. நகரும் தண்டு வளைவதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கத்தான் வேண்டும். தண்டை வளையாத பொருளாக வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள், விடை சரியாக வந்திருக்கும், இயந்திரம் மட்டும் ஆடியிருக்கும். நானும் இதே இடத்தில் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன்.

எங்களுடையது நான்கு தண்டு இணைப்பு: முழுச் சுற்றுச் சுற்றும் கிராங்க், முன்னும் பின்னும் ஆடும் ஒரு கை, இரண்டையும் இணைக்கும் நீளமும் ஒல்லியுமான கப்ளர், நான்காவதாக அசையாத ஃபிரேம். 300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 300 சுற்று) சத்தமே இருக்காது. 400-இல் கடகடவென்று ஆடும். 440-இல் அமைதி. 480-இல் மறுபடி ஆட்டம், முன்னைவிட மோசம். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடினால் புரிகிறது, நடுவில் ஏன் அடங்க வேண்டும்? பேரிங்கை மாற்றினோம், அடித்தள போல்ட்டை முறுக்கினோம். ஒன்றும் நடக்கவில்லை.

சென்சாரை எல்லோரும் ஃபிரேமில்தான் ஒட்டுவார்கள், அதுதான் சுலபம். நான் கப்ளரின் நடுவிலேயே, அது வளைவதை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டினேன். மூட்டருகே ஒயர் இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது தடவை சுருள் விட்டுக் கட்டினேன். ஆசிலோஸ்கோப்பில் ஒரு சுற்றுக்குள் குட்டிக் குட்டி மேடுகள். திரையில் விரல் வைத்து எண்ணினேன். 400-இல் ஆறு, 480-இல் ஐந்து. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், நிமிடத்துக்கு 2400, அதாவது 40 ஹெர்ட்ஸ். அதுதான் கப்ளரின் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம். கிராங்க் சீராகச் சுற்றினாலும் கப்ளரின் முடுக்கம் சீராக இருக்காது. சுற்று வேகத்தின் 2, 3, 4 என்று மேல் மடங்குகளும் அதற்குள் இருக்கும். மடங்கு மேலே போகப் போக வலு குறையும்; வலுவுள்ள ஏதாவது ஒன்று 40-ஐத் தொட்டால் போச்சு. 440-இல் ஐந்தாம் மடங்கு 36.7, ஆறாவது 44. இரண்டும் தப்பிவிட்டன.

மேலதிகாரி கப்ளரை எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றச் சொன்னார். அதே அளவில் வெட்டினால் எடை மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பொருளின் விறைப்பைச் சொல்லும் மீள்குணகமும் 210-லிருந்து 70 ஜிகாபாஸ்கலாக இறங்கிவிடும். இயல் அதிர்வெண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சொன்னேன், கேட்கவில்லை. செய்து பார்த்தோம்: ஃபிரேம் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, ஆடும் வேகங்கள் அதே 400, அதே 480. கடைசியில் வளையும் திசையில் உயரம் கூடிய எஃகுக் குழாயாக, எடை கூடாமல் செய்தோம். 60 ஹெர்ட்ஸ் வந்தது. 480-இல் ஏழாம் மடங்கு 56, எட்டாவது 64. நடுவில் நிம்மதியாக ஓடுகிறது.

கிராங்கின் கோணத்துக்கேற்ப இயல் அதிர்வெண் மாறுமே, ஒரே எண்ணைச் சொல்கிறாயே என்று யாராவது வருவார்கள். மாறும், தெரியும். எங்களுக்குக் கப்ளர் மட்டும்தான் ஒல்லி, அதனால் மாற்றம் சிறிது. உங்களுடையதில் எல்லாத் தண்டும் மெலிது என்றால் சுற்றைப் பல நிலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். நிறுத்தி வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் அந்த ஒரு நிலைக்கான விடைதான் கிடைக்கும்.

அப்புறம் ஒன்று. இறுதி அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? “பேரிங் மாற்றியதால் அதிர்வு குறைந்தது.” ஸ்ட்ரெயின் கேஜ் பற்றி ஒரு வரி இல்லை.