பேதிக்குப் பேதி மருந்தா? உங்கள் 1770களின் கடிதம் குறித்து

வணக்கம். நீங்கள் மொழிபெயர்த்துவரும் லண்டன் கடிதத்தில், பச்சை நிறமும் புளித்த வாடையுமாகப் பேதியாகும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ‘நண்டுக் கண்’ பொடியும் ரேவல்சின்னி என்ற பேதி மருந்து வேரும் கொடுத்ததாக வருகிறதே, இது மாந்திரீகமா, எழுத்துப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் அல்ல. அது அக்காலத்தின் வழக்கமான வைத்தியமே.

குழந்தை நோய்கள் பெரும்பாலும் வயிற்றில் மிகும் புளிப்பால் வருகின்றன என்று லண்டன் மருத்துவர் வால்டர் ஹாரிஸ் 1689இல் எழுதினார். அடுத்த நூற்றாண்டிலும் அக்கருத்து செல்வாக்குடன் நிலைத்தது. ஆய்வகச் சோதனைகள் இல்லாத நிலையில், அணையாடையை விரித்து மலத்தின் நிறத்தையும் வாடையையும் பார்ப்பதே நோய் நிர்ணயத்தில் முக்கியப் பங்கு வகித்தது. பச்சையும் புளிப்பும் தென்பட்டால், முதலில் புளிப்பை முறித்து, பிறகு அதை வெளியேற்ற வேண்டும். ‘நண்டுக் கண்’ உண்மையில் கண்ணே அல்ல. கிரேஃபிஷ் என்ற, இறாலைப் போன்ற நன்னீர் உயிரியின் வயிற்றில் தட்டையான பொத்தானைப்போல் உருவாகும் சுண்ணாம்புக் கல். (இன்றைய நெஞ்செரிச்சல் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் கால்சியம் கார்பனேட்தான்.) ரேவல்சின்னியோ முதலில் நன்றாகக் கழியவைத்து, பின்னர் தன் துவர்ப்பால் குடலைக் கட்டும், பேதிக்கே பேதி மருந்து என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை அதுதான்.

அடுத்து வரும் ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்ற குழந்தை மருந்தை மட்டும் ‘சத்து டானிக்’ என்று பெயர்த்துவிடாதீர்கள். அதில் அபின் இருந்தது. குழந்தை அமைதியாக உறங்கியதாகத் தாய் நிம்மதியுடன் எழுதும் வரிக்கு ஓர் அடிக்குறிப்பு அவசியம்.