ஹோபார்ட்டில் ஒரு சனிக்கிழமை

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியில் பிரிஸ்பேனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து எங்கள் இருவரையும் மட்டும் பத்து நாள் கப்பல் பயணத்துக்கு அனுப்புகிறான். டாஸ்மேனியாவில் ஹோபார்ட் துறைமுகத்தில் ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்குக் கப்பல் நிற்கும், மாலை 6 மணிக்குக் கிளம்பும். வெலிங்டன் மலை, போர்ட் ஆர்தர் சிறை, ரிச்மண்ட் பாலம், மோனா மியூசியம், சாலமன்கா சந்தை என்று மகன் ஒரு பட்டியல் தந்திருக்கிறான். பத்து மணி நேரத்தில் இவ்வளவும் முடியுமா? கப்பலிலேயே விற்கும் சுற்றுலாக்கள் விலை அதிகம். கணவருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம் வேறு. நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

ம., மதுரை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முடியாது. உங்கள் கையில் இருப்பது பத்து மணி நேரமே அல்ல. 8 மணிக்குக் கப்பல் கட்டப்பட்டாலும், அனுமதி கிடைத்துப் படிப்பாலம் திறந்து, சுற்றுலாக் குழுக்கள் இறங்கி, உங்கள் முறை வரும்போது 8.45 ஆகிவிடும். மாலையில் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பாவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவது உங்கள் வயதுக்கு நல்லது. ஆக, 8.45 முதல் 4.30 வரைதான் உங்கள் பகல்.

பட்டியலில் முதலில் அடிக்க வேண்டிய பெயர் போர்ட் ஆர்தர். ஹோபார்ட்டிலிருந்து ஏறக்குறைய 95 கி.மீ.; ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். போய்வரவே மூன்று மணி நேரம். 1833 முதல் 1877 வரை தண்டனைக் குடியிருப்பாக இருந்த பெரிய வளாகம் அது. மூன்று மணி நேரமாவது நடந்து பார்த்தால்தான் அர்த்தம். அந்தத் தீபகற்பத்துக்குள் நுழைய ஈகிள்ஹாக் நெக் என்ற ஒடுங்கிய நிலப்பகுதி மட்டும்தான் வழி. கைதிகள் தப்பாதிருக்க அங்கே வரிசையாக நாய்களைக் கட்டி வைத்திருந்தார்கள். இன்றும் அதே ஒற்றைச் சாலைதான். வழியில் ஒரு விபத்து நடந்தால் சுற்றிவர மாற்று வழி கிடையாது. தனியாக வாடகைக் கார் எடுத்துப் போகவே வேண்டாம். பார்த்தே ஆக வேண்டுமென்றால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போங்கள். தாமதமானால் தங்கள் குழுவுக்காகக் கப்பல் காத்திருக்கும். பயண நிரலையும் ஒருமுறை பாருங்கள். சில கப்பல்கள் போர்ட் ஆர்தருக்கு எதிரிலேயே நங்கூரமிட்டு, படகில் கரைக்கு அழைத்துப்போகும். அப்படி ஒரு நாள் தனியாக இருந்தால் ஹோபார்ட்டிலிருந்து அங்கே ஓடுவது வீண்.

மோனாவும் வேண்டாம். படகில் போக 25 நிமிடம், திரும்ப 25 நிமிடம், உள்ளே மூன்று மணி நேரம் என்று பாதிப் பகல் நிலத்தடியில் போய்விடும். ரிச்மண்ட் அருகில்தான், அரை மணிப் பயணம். 1825-இல் கட்டி முடித்த அந்தக் கல்பாலம் இன்றும் வண்டி போகும் பாலங்களில் ஆஸ்திரேலியாவிலேயே பழையது. ஆனால் மலைக்கு எதிர்த் திசை.

மிச்சம் மலையும் சந்தையும். இரண்டுக்கும் நடுவே மகனின் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைச் சேர்க்கிறேன்.

காலை 7 மணிக்கே மேல்தளத்துக்குப் போய் மேற்கே பாருங்கள். நகரத்துக்குப் பின்னால் சுவர்போல நிற்பதுதான் வெலிங்டன் மலை. பூர்வகுடிகளின் குனானி என்ற பெயரையும் சேர்த்தே இப்போது எழுதுகிறார்கள். உயரம் 1271 மீட்டர். உச்சியில் தெரியும் கோபுரம் மேகமில்லாமல் தெளிவாக இருந்தால் முதலில் மலைக்கே போய்விடுங்கள். சந்தைக்குப் பிறகு போகலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர் மேகத்துக்குள் நின்று திரும்பியிருக்கிறார்கள். காலையிலேயே மூடியிருந்தால் சந்தையை முதலில் வைத்து, மதியம் மறுபடி அண்ணாந்து பாருங்கள். கோடையில்கூடச் சில நாள் பனி விழுந்து, மேலே போகும் சாலையை அடைத்துவிடுவார்கள். திறந்திருக்கிறதா என்பதை நகராட்சியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நகரத்திலிருந்து உச்சி வரை தார்ச்சாலை, அரை மணி நேரம். 1930-களின் வேலையில்லாக் காலத்தில் நிவாரண வேலையாகப் போட்ட சாலை, 1937-இல் திறந்தது. நகரப் பேருந்து உச்சிக்குப் போகாது. சுற்றுலாப் பேருந்து அல்லது டாக்சிதான். டாக்சியில் போகிறவர்கள் செய்யும் தவறு, மேலே இறங்கிக்கொண்டு வண்டியை அனுப்பிவிடுவது. உச்சியில் திரும்ப வண்டி கிடைக்காது. ஏறும் முன்பே, நாற்பது நிமிடம் காத்திருந்து கீழே கூட்டிவர வேண்டும் என்று ஓட்டுநரிடம் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் மீட்டர் ஓடும். உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாம்: வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி அடைத்த பார்வைக்கூடம் இருக்கிறது. அங்கிருந்தே டெர்வென்ட் ஆறும் துறைமுகமும் உங்கள் கப்பலும் தெரியும். கீழே 22 டிகிரி என்றால் மேலே 12 அல்லது 13-தான் இருக்கும், அதோடு காற்றும் சேரும். ஸ்வெட்டர் மட்டும் போதாது; காற்றை மறைக்கும் ஜாக்கெட்டும் காதை மூடும் குல்லாவும் கொண்டுபோங்கள். குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். டாஸ்மேனியக் கோடையில் புற ஊதாக்கதிர் கடுமை. சன்ஸ்கிரீன் தடவியே ஆக வேண்டும்.

இறங்கும்போது அதே டாக்சியைத் தெற்கு ஹோபார்ட்டில் கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறை வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். நான் சேர்த்த இடம் இதுதான். பிரிட்டன் இந்தத் தீவுக்கு 12,000-க்கும் மேற்பட்ட பெண் கைதிகளை அனுப்பியது. பெரும்பாலும் சின்னத் திருட்டுகளுக்காக. 1828 முதல் 1856 வரை அவர்களை அடைத்துத் துணி துவைக்கவும் நூல் நூற்கவும் வைத்த இடம் இது. ஒரு பழைய சாராய ஆலையை வாங்கிச் சிறையாக்கினார்கள். மலையின் நிழல் விழும் பள்ளம், பக்கத்தில் ஓடை, ஈரம் காயவே காயாது. தாய்மாரோடு அடைபட்ட குழந்தைகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. இன்று மதில்களும் ஒரு சிறிய வீடும்தான் மிச்சம். அதனால் வெறுமனே சுற்றிவந்தால் ஒன்றும் புரியாது; வழிகாட்டியோடு போகும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போர்ட் ஆர்தரைப் போலவே இதுவும் 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். நகரத்திலிருந்து பத்து நிமிடம். கைதிகளின் கதைக்காகத்தான் போர்ட் ஆர்தர் போக நினைத்தீர்கள் என்றால் அந்தக் கதையின் பெண்கள் பாதி இங்கே இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

சந்தைக்கு 1 மணிக்குப் போனால் போதும். சனிக்கிழமை மட்டும் 8.30 முதல் 3 வரை நடக்கும். முற்பகலில் நெரிசல் அதிகம், கணவருக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது. 2.30-க்கே சிலர் கடையைக் கட்டத் தொடங்குவார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள். 1830-களின் மணற்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெரு. உட்கார எதிரிலேயே புல்வெளி இருக்கிறது. லெதர்வுட் மரத்துப் பூவின் தேன் இந்தத் தீவுக்கே உரியது. ஆனால் கப்பல் அடுத்து நியூசிலாந்து போகிறதென்றால் வாங்காதீர்கள், அங்கே தேனை உள்ளே விடமாட்டார்கள். அதேபோல, கப்பலின் காலை உணவு மேசையிலிருந்து ஓர் ஆப்பிளைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழ ஈ வராமல் இந்தத் தீவு கட்டிக் காக்கிறது. மோப்ப நாய்கள் நிற்கும், பிடிபட்டால் அபராதம்.

சைவம் பற்றி. துறையோரப் படகுக் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலை நம்பி வாங்கிவிட வேண்டாம். பல இடங்களில் மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள், தனி எண்ணெயா என்று கேளுங்கள். ‘கறி’ என்று எழுதிய ‘பை’ (pie) என்ற மாவுப் பண்டத்தைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஸ்கேலப் என்ற சிப்பியை மசாலாக் குழம்பில் வைத்து மூடிச் சுட்டது. நம் கறி என்ற சொல் அங்கே அவ்வளவு ஊன்றியிருக்கிறது. மலையடிவாரத்தில் ‘கீன்ஸ் கறி’ என்ற மசாலாப் பொடியின் பெயரே வெள்ளைக் கற்களால் பெரிய எழுத்தில் நூறாண்டுக்கு மேலாகக் கிடக்கிறது. நகரின் நடுவே இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

3 மணிக்கு மேல் துறையோரமாகவே மெல்ல நடந்து திரும்பலாம். சாலமன்காவிலிருந்து கப்பல் நிற்கும் மக்குவாரி மேடைக்கு இருபது நிமிடம். வழியில் வரும் கான்ஸ்டிட்யூஷன் படகுத்துறைக்கு ஒரு தெரு தள்ளி, கடிகாரக் கோபுரத்தோடு தபால் தலைமையகக் கட்டடம் தெரியும். தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென், 1912 மார்ச்சில் அந்தச் செய்தியை இங்கிருந்துதான் உலகுக்குத் தந்தியடித்தார்.

கடைசியாக உங்கள் பயம். ஆம், தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. நீங்கள் பிரிஸ்பேனில் ஏறுவதால் ஒரு சிக்கல் கூடுதல்: பிப்ரவரியில் ஹோபார்ட் கடிகாரம் பிரிஸ்பேனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். கப்பல் தன் நேரத்தை மாற்றியிருந்து, நீங்கள் கைக்கடிகாரத்தை மாற்றாமல் போனால், 4.30 என்று நிதானமாக நடக்கும்போது உண்மையில் 5.30 ஆகியிருக்கும். முந்தைய இரவு அறைக்கு வரும் தாளில் மறுநாளைய கப்பல் நேரமும் ஏறவேண்டிய கடைசி நேரமும் இருக்கும். அந்தத் துறைமுகத்து முகவரின் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கும். தாளைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாசலில் திரும்ப நுழையக் கப்பல் அட்டையோடு படமுள்ள அடையாள அட்டையையும் கேட்பார்கள், இரண்டையும் கழுத்துப் பையில் வையுங்கள். உங்கள் கணவரின் மாத்திரைகளை அந்த ஒரு பகலுக்கு மட்டும் எண்ணி எடுக்காமல், இரண்டு நாளுக்குச் சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.