துணியில் உருண்டை உருண்டையாக நூல் திரள்கிறதே, எப்படி எடுப்பது?

முதலில், அந்த உருண்டைகளைக் கையால் பிய்க்காதீர்கள். பிய்த்தால் உள்ளே இருக்கும் இழையும் சேர்ந்து வெளியே வந்து, நாலு நாளில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். துணியை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, இதற்கென்றே விற்கும் பேட்டரி ஷேவரை மெதுவாக ஓட்டுங்கள். சவர ரேசரும் வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் அழுத்தினால் ஓட்டைதான்.

உரசலில் குட்டை இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் காரணம். பருத்தியில் அவை பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடும், பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த வலுவான இழை உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும் (கலப்புத் துணி நம்மைப் படுத்துவது இதனால்தான்). அப்புறம், துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள், ஜீன்ஸோடு சேர்க்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.