கதையை எழுதிவைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்களில் ஒருத்தி சொல்கிறேன்

வெளிநாட்டில் வாழும் ஒரு தடகள வீரரைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் ஆவணப்படம் எடுக்கப் போவதாகவும், பத்து நாட்களே கையில் இருப்பதால் கதையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழுவில் நான்கைந்து பேர் இருப்பீர்கள், விமானக் கட்டணத்திலேயே பாதிப் பணம் கரைந்திருக்கும், ஆசிரியர் ஒருவர் திரைக்கதை எங்கே என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பார் என எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எழுதாமல் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியதை நம்பிப் போன எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் போனது கென்யாவின் இட்டெனுக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் அந்தச் சிறிய ஊருக்கு உலகெங்குமிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். எங்கள் படத்துக்குரியவர் அந்த ஊர்க்காரர். சுமார் 42 கிலோமீட்டர் ஓட்டமான மாரத்தான்களில் பேஸ்மேக்கராக ஓடுபவர். முன்னணி வீரர்களுக்கு முன்னால் குறித்த வேகத்தில் ஓடி, பெரும்பாலும் 25 அல்லது 30 கிலோமீட்டரில் பாதையை விட்டு விலகிவிடுவதுதான் அவருடைய தொழில். 2019இல் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது, அவருக்காக முறைவைத்து ஓடியவர்கள் 41 பேர். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் திரைக்கதை பிறந்தது. பிறருக்காக ஓடி, எல்லைக்கோட்டைத் தொடாமலே திரும்பும் ஒரு மனிதரின் சோகம் என்று பதினெட்டுப் பக்கம் எழுதிவைத்திருந்தோம். 2000ஆம் ஆண்டு பெர்லின் மாரத்தானில் பேஸ்மேக்கராக வந்த சைமன் பிவோட் விலகாமல் ஓடி வென்றே விட்டார் என்ற செய்தியையும் படித்திருந்ததால், நம்மவரும் ஒருநாள் அப்படி ஓடுவார் என்ற நம்பிக்கையோடு படத்தை முடிப்பதாகத் திட்டம். விமானம் ஏறும் முன்பே கடைசிக் காட்சிக்கு இசைகூடத் தேர்ந்தெடுத்தாயிற்று.

அனுமதி விஷயத்தில் நாங்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டோம். அங்கே வெளிநாட்டினர் படமெடுப்பதற்கான உரிமத்தைப் பதிவு பெற்ற உள்ளூர் முகவர் வழியாகப் பெற வேண்டும். அதை முன்பே முடித்துவிட்டோம். எங்கள் ஓட்டக்காரர் உண்மையில் ஓடிய பந்தயங்களின் காட்சிகளைப் பயன்படுத்த முடியாமல் போனதுதான் இடித்தது. அவற்றின் உரிமை போட்டி அமைப்பாளர்களிடமும் ஒளிபரப்பாளர்களிடமும் இருந்தது. அவர்கள் கேட்ட தொகையில் நாங்கள் இன்னொரு படமே எடுத்திருக்கலாம். ஆகவே, அவர் பாதையை விட்டு விலகும் அந்தக் கணம் எங்களிடம் இல்லவே இல்லை.

நான் ஒலிப்பதிவாளர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான் என்று படித்திருந்தும், மைக் கோலைத் தூக்கிக்கொண்டு மேட்டுச் சாலையில் நடந்த முதல் நாள், ஓடியவரின் மூச்சைவிட என்னுடைய மூச்சே பதிவில் உரக்கக் கேட்டது. அதன்பின் சிறிய ரெக்கார்டர் ஒன்றை அவருடைய இடுப்புப் பட்டையிலேயே கட்டிவிட்டு, ஓட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளத் தொடங்கினேன். இது சாமர்த்தியமன்று, வேறு வழியில்லை.

நான்காம் நாள் பேட்டி. அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும் என்றாலும், மனம்விட்டுப் பேசட்டும் என்று கலெஞ்சின் மொழியிலேயே பேசச் சொன்னோம்; உடன் ஓடும் நண்பர் ஒருவர் மொழிபெயர்த்தார். முடிக்காமல் விலகும்போது வலிக்கவில்லையா என்று இயக்குநர் கேட்டார். அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார், இருவரும் சிரித்தார்கள், நண்பர் எங்கள் பக்கம் திரும்பி, ‘இல்லை என்கிறார்’ என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம். வலியை மறைக்கிறார் என்று இயக்குநர் அன்றிரவு குறிப்பேட்டில் எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து, படத்தொகுப்பின்போதுதான் அந்தப் பதிவை முழுமையாக மொழிபெயர்க்கச் செய்தோம். அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: ‘ஒப்பந்தத்தில் 30 என்று இருந்தால் 30 ஓடுகிறேன், கேட்ட வேகத்தில் ஓடுகிறேன், ஒருமுறையும் தவறியதில்லை. நான் தோற்றதே இல்லையே, இவர்கள் எந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்?’ எங்கள் பதினெட்டுப் பக்கமும் அந்த ஒரு நிமிடத்தில் போயிற்று. போனதைப் பற்றி வருத்தமில்லை. அந்தப் பதிலை அங்கேயே புரிந்துகொண்டிருந்தால் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எனவே, பேட்டி எடுத்த அன்றிரவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள். நண்பரோ உறவினரோ மொழிபெயர்த்தால் அன்பினால் சுருக்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எடுத்துவந்த காட்சிகளில் பாதிக்கு மேல் அவர் தனியே நின்று தொலைவைப் பார்ப்பவை. சோகத்துக்காக எடுத்தவை வேறெதற்கு உதவும்? அப்போதுதான் இடுப்பு ரெக்கார்டரின் பதிவுகளை மறுபடி கேட்டேன். 30 கிலோமீட்டர் ஓடிய ஒரு காலைப் பொழுது முழுவதும் அதில் இருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவருடைய கைக்கடிகாரம் ஒருமுறை ஒலிக்க, ஒவ்வோர் ஒலிக்கும் அவர் பின்னால் வருபவர்களுக்கு நேரத்தை உரக்கச் சொல்கிறார். ஏறக்குறைய ஒரே அளவான இடைவெளிகள். அந்த முப்பது ஒலிகளை முதுகெலும்பாக வைத்துப் படத்தை மீண்டும் தொகுத்தோம்.

படம் ஒரு மாணவர் விழாவில் ஒளிப்பதிவுக்காகப் பாராட்டப்பட்டது. உட்புறக் காட்சிகளில் குழல்விளக்கு மினுக்குவதைக் கவனிக்காமல் எடுத்த அதே ஒளிப்பதிவு. ஒலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பொறாமையில் சொல்கிறேன் என்று யாராவது எழுதக்கூடும். எழுதட்டும், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

விழாவுக்கு அனுப்புமுன் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை, பிறகுதான் அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் கடிகாரம் 29 முறைதான் ஒலிக்கிறது, ஒரு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார். தாளம் இடிக்கிறது என்று பதினேழாவது ஒலியை நாங்கள் வெட்டியிருந்தோம். இப்போது நாங்கள் அனுப்பும் பிரதியில் அது இருக்கிறது.