மருந்துச் செடியும் கஷாயப் பானையும்

கேள்வி: மலேரியாவுக்குச் சீனாவில் ஒரு செடியிலிருந்து மருந்து எடுத்து நோபல் பரிசே வாங்கிவிட்டார்களாமே, அந்தச் செடியை வீட்டில் வளர்த்துக் கஷாயம் போட்டுக் குடித்தால் போதாதா?
- ஒரு வாசகர், திண்டிவனம்

போதாது. அந்த மருந்து கிடைத்த கதையே கஷாயத்துக்கு எதிரான கதைதான். வியட்நாம் போரில் குளோரோகுயின் என்ற வழக்கமான மலேரியா மருந்து பலிக்காமல் வீரர்கள் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்த நேரம், 1967 மே 23 அன்று சீனா ரகசியமாக ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கியது. பின்னாளில் நீங்கள் சொல்லும் அந்த நோபலை வாங்கிய சீன விஞ்ஞானி தூ யூயூ அதில் 1969-இல் சேர்ந்தார். பழைய ஏடுகளிலிருந்து 2,000 மருந்துக் குறிப்புகளைத் திரட்டி, 380 சாறுகளை மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை நன்றாக வேலை செய்தது, அடுத்த சோதனைகளில் காலை வாரியது. ஏன் என்று பழைய நூல்களை மறுபடி புரட்டியபோது, 1,600 ஆண்டுகளுக்கு முன் கெ ஹோங் என்ற சீன வைத்தியர் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி. அடுப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! சூட்டில்தான் மருந்து கெடுகிறதோ என்று தோன்றி, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற ரசாயனத் திரவத்தில் இலையின் சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி, எலிகளின் ரத்தத்தில் கிருமியே இல்லாமல் செய்துவிட்டது. நம் வழக்கப்படி சுண்டக் காய்ச்சியிருந்தால் அந்த நோபல் ஆவியாகப் போயிருக்கும்.

கேள்வி: எலிக்குச் சரி, மனிதர்களுக்கு ஆபத்தில்லை என்று எப்படித் தெரிந்தது?
- ஒரு வாசகி, தேனி

1972 ஜூலையில் தூவும் சக ஊழியர்கள் இருவரும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள் (எனக்கு அந்தத் துணிச்சல் வராது). அப்புறம்தான் ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சாற்றிலிருந்து கிருமியைக் கொல்லும் மருந்துப் பொருளான ஆர்ட்டிமிசினினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

கேள்வி: சரி, கொதிக்க வைக்காமல் இலையை ஊறவைத்தே குடித்தால்?
- மறுபடி அதே திண்டிவனம்

விடமாட்டீர்கள் போலிருக்கிறது! ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அரைகுறை அளவு உள்ளே போனால் காய்ச்சல் தணிந்த மாதிரி இருக்கும், மிச்சமிருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும், மருந்துக்கே பழகியும் போகலாம். சுத்தமான மருந்தையே தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் இந்த இலைத் தேநீரை ஆதரிக்கவில்லை. குளிரும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுங்கள். செடி தொட்டியிலேயே இருக்கட்டும்.