டிக்கிக்குள் உட்கார்ந்து பாடும் பாடகர்

கார் ஒலியமைப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடையது செடான். டிக்கியில் 10 அங்குல சப்வூஃபர், முன் கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள். பொருத்திக் கொடுத்தவர் ஆம்ப்ளிஃபயரில் கிராஸ்ஓவரை 150 ஹெர்ட்ஸில் வைத்து, ‘இப்படி வைத்தால்தான் பேஸ் நிறைய வரும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேஸ் நிறைய வருவது உண்மைதான். ஆனால் ஆண் பாடகர்கள் எல்லோரும் பின்னாலிருந்து பாடுகிறார்கள். விளக்கம் வேண்டாம், எந்த எண்ணில் வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: 80.

எண்ணைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் திருகியை மட்டும் திருப்பினால் உங்கள் பாடகர் முன்னால் வந்துவிட மாட்டார். ஆகவே நீங்கள் வேண்டாம் என்று சொன்ன விளக்கத்தையும் படித்துவிடுங்கள்.

கிராஸ்ஓவர் என்பது ஒலியைப் பங்கு பிரிக்கும் எல்லை. அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ், சப்வூஃபருக்கு. மேலே உள்ளது கதவு ஸ்பீக்கருக்கு. பேசும்போது ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். கிராஸ்ஓவர் 150-இல் இருந்தால் அந்தக் குரலின் அடித்தளத்தில் பெரும்பகுதி சப்வூஃபருக்குப் போய்விடுகிறது. 150-ஐத் தாண்டியதும் சப்வூஃபர் வாயை மூடிக்கொள்வதும் இல்லை. ஆக்டேவ் ஒன்றுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் இறங்கும் சரிவு உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறதென்றால், 300 ஹெர்ட்ஸில்கூட டிக்கியிலிருந்து குரல் கசிந்துகொண்டுதான் இருக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு நீண்ட அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நம் காதுகள் திணறும். குரலோ அப்படியில்லை, எங்கிருந்து வருகிறது என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுத் திரையரங்குகளுக்கு ஒலித்தரம் வகுக்கும் டி.எச்.எக்ஸ். நிறுவனமும் 80 ஹெர்ட்ஸைத்தான் அளவாக வைத்திருக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத பாதி. கிராஸ்ஓவர் என்றதும் எல்லோரும் சப்வூஃபரையே பார்க்கிறார்கள். நான் முதலில் கை வைப்பது கதவு ஸ்பீக்கரில். தொடரோட்டத்தில் கோல் கைமாறும்போது ஓடிவருபவர் எவ்வளவு முக்கியமோ, வாங்கிக்கொள்பவரும் அவ்வளவு முக்கியம். சப்வூஃபரை 80-இல் நிறுத்திவிட்டு, கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) வைக்காமல் விட்டால் அது 30 ஹெர்ட்ஸையும் 40 ஹெர்ட்ஸையும் வாசிக்க முயன்று திக்குமுக்காடும். ஒரே அளவு சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே தருவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஆறரை அங்குல ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸில் நிம்மதியாக ஆடும். அதே சத்தத்தை 40-இல் கேட்டால் கரகரக்கும், கதவுப் பலகையும் சேர்ந்து அதிரும். ஆகவே கதவுக்கு ஹை பாஸ் 80, சப்வூஃபருக்கு லோ பாஸ் (உயர்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) 80, இரண்டுக்கும் ஒரே சரிவு. தொடக்கம் இதுதான். இதற்குப் பிறகுதான் காதுக்கு வேலை.

அந்த வேலைக்கு நான் வைத்திருப்பது டபுள் பேஸ் கருவியின் தனி ஒலிப்பதிவு. அதன் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55, அடுத்தது 73, மேல் கம்பி 98. வாசிப்பவர் கீழிருந்து மேலே ஒவ்வொரு சுரமாக ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எல்லாச் சுரமும் முன்கண்ணாடிப் பக்கமே நின்றால் வேலை முடிந்தது. முதல் சில சுரங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டு, திடீரென்று ஒரு சுரம் முன்னால் தாவினால், கைமாறும் இடத்தில் ஏதோ கோளாறு. ஒரு சுரம் மட்டும் ஓங்கி முழங்கினால் அங்கே இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, அல்லது காரின் உட்புறமே அந்த அதிர்வெண்ணை ஊதிப் பெருக்குகிறது. அப்போது சப்வூஃபரை 70-க்கு இறக்கி, கதவை 80-இலேயே விட்டுப் பாருங்கள். ஏட்டில் அது ஓர் இடைவெளிதான், ஆனால் காருக்குள் பல நேரம் அதுதான் சமமாகக் கேட்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் டிக்கிதான் பாடுகிறது என்றால் திருகியை விட்டுவிட்டு நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு இடம் தெரியாது. ஆனால் அந்த 50 ஹெர்ட்ஸில் கடகடக்கும் தகடு எங்கே இருக்கிறது என்று காதுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: என் காரில் முன் கதவுகளில் இருப்பவை 4 அங்குல ஸ்பீக்கர்கள்தான். அவற்றுக்கும் 80 சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. 100 முதல் 120 வரை ஏற்றுங்கள். சப்வூஃபரும் அதே அளவுக்கு மேலே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. குரல் கசியும் ஆபத்து அங்கே அதிகம் என்பதால் சப்வூஃபருக்கு 24 டெசிபல் சரிவு கிடைக்குமானால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் மேலே போகத் தோன்றினால் கதவு ஸ்பீக்கரை மாற்றுவது பற்றி யோசிப்பது நல்லது.

கேள்வி: ஹெட் யூனிட்டிலும் (டேஷ்போர்டில் இருக்கும் ஆடியோ கருவி) லோ பாஸ் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறது. பாதுகாப்புக்காக இரண்டையும் 80-இல் வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: பாதுகாப்பு ஒன்றும் கூடவில்லை, சரிவுதான் இரட்டிப்பாகியிருக்கிறது. ஒவ்வொன்றும் 12 டெசிபல் என்றால் இப்போது உங்கள் சப்வூஃபருக்கு 24. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் இருப்பது பட்டர்வொர்த் வகை வடிகட்டி. ஸ்டீஃபன் பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1930-இல் விவரித்தது. குறித்த அதிர்வெண்ணில் அது 3 டெசிபல் குறைக்கும். இரண்டை அடுத்தடுத்து வைத்தால் அதே இடத்தில் 6 டெசிபல் குறையும்.

வேடிக்கை என்னவென்றால், அப்படி இரண்டு பட்டர்வொர்த் வடிகட்டிகளை அடுக்கினால் கிடைப்பதுதான் லிங்க்விட்ஸ்–ரைலி வகை. ஹியூலெட்-பேக்கார்டில் பணியாற்றிய பொறியாளர்கள் சீக்ஃப்ரிட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி ஆகியோரின் பெயரால் வழங்குவது. 1976-இல் லிங்க்விட்ஸ் அதைப் பற்றி எழுதினார். கிராஸ்ஓவர் இடத்தில் மேடும் பள்ளமும் இல்லாமல் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் சேர்வது அதன் சிறப்பு. ஆனால் அந்தச் சிறப்பு கிடைக்க, கதவு ஸ்பீக்கருக்கும் அதே 24 சரிவு வேண்டும். நீங்கள் கதவை 12-இல் விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஆகவே ஒன்றை அணைத்துவிடுங்கள். ஹெட் யூனிட்டில் எண்ணைத் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மாற்றலாம். அதை வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை ‘ஃபுல்’ நிலைக்குத் தள்ளுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால் திருகியை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் திருகியில் ஒரு முனையில் 50, மறுமுனையில் 250 என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. 80 எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி. நடுவில் எண்கள் அச்சிட்டிருந்தாலும் அவற்றை நான் நம்புவதில்லை. ஏ.சி. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். சப்வூஃபர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கட்டும். 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, லோ பாஸை அணைத்த நிலையில் ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டை அளந்துகொள்ளுங்கள். 20 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி லோ பாஸை இயக்கி, திருகியை உச்சத்திலிருந்து மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள். மீட்டர் 14.1 வோல்ட் காட்டும் இடம்தான் உங்கள் 80 ஹெர்ட்ஸ். 3 டெசிபல் இறக்கம் என்றால் மின்னழுத்தம் 0.707 மடங்கு, அவ்வளவே கணக்கு. லிங்க்விட்ஸ்–ரைலி வகையாக இருந்தால் பாதியில், அதாவது 10 வோல்ட்டில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் பிறகு யார் திருகினாலும் கவலையில்லை.

கேள்வி: நீங்கள் சொல்லும் 80-ஐ நம்பி 120-இலிருந்து இறக்கினேன். பேஸே காணாமல் போய்விட்டது! பழையபடி ஏற்றிவிட்டேன்.

பதில்: கோபம் புரிகிறது. முதலில் கதவு ஸ்பீக்கரின் ஹை பாஸைப் பாருங்கள். அது இன்னும் 120-இலேயே நின்றால் 80-க்கும் 120-க்கும் நடுவே போதிய ஒலி கொடுக்க ஆளில்லை. டிரம்ஸின் உதை பெரிதும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இரண்டும் 80-இல் இருந்தும் பேஸ் இல்லை என்றால் சங்கதி வேறு. சப்வூஃபரும் கதவு ஸ்பீக்கரும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டு காரணங்கள் உண்டு. 12 டெசிபல் வடிகட்டிகளில் லோ பாஸுக்கும் ஹை பாஸுக்கும் இடையே 180 பாகை வித்தியாசம் பிறவியிலேயே இருக்கிறது, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அடுத்தது தூரம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லி வினாடி ஆகும். 80 ஹெர்ட்ஸின் ஒரு முழு அலைக்கு 12.5 மில்லி வினாடி. எனவே கதவைவிட டிக்கி ஒரு மீட்டர் தள்ளியிருந்தாலே கிட்டத்தட்ட கால் அலை பின்தங்கிவிடும்.

கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடி ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்குவது) 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால், ஒலியை நிறுத்திவிட்டு சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் கம்பிகளை இடம் மாற்றி இணைத்துக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. ‘ஆனால் கம்பி தப்பாக இருக்கிறதே’ என்று உங்கள் மெக்கானிக் பதறினால் பதறட்டும்.

ஹெட் யூனிட்டில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர்களின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் வசதி) இருந்தால் இன்னும் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். தாமதம் கொடுக்க வேண்டியது அருகில் இருக்கும் ஸ்பீக்கருக்கு. தொலைவில் இருக்கும் சப்வூஃபருக்குக் கொடுப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு குறுக்கு வழியும் உண்டு. வேண்டுமென்றே சத்தம் குறைவாக வரும் ஃபேஸில் வைத்துக்கொண்டு, ஒலி மிகவும் மெலியும்வரை தாமதத்தை மாற்றுங்கள். மிக மெலிந்த இடம் கிடைத்ததும் ஃபேஸைத் திருப்பிவிடுங்கள். சத்தம் கூடுவதைவிடக் குறைவதைத்தான் காது எளிதில் பிடிக்கும்.

கேள்வி: பேஸ் பூஸ்ட் திருகியை எங்கே வைப்பது? என்னுடையதில் 12 டெசிபல் வரை இருக்கிறது.

பதில்: பூஜ்யத்தில். 12 டெசிபல் என்பது 16 மடங்கு சக்தி. உங்கள் ஆம்ப்ளிஃபயரிடம் அது இல்லை. இல்லாததைக் கேட்டால் அலையின் தலையை வெட்டித் தரும், சப்வூஃபரின் கம்பிச்சுருள் (காயில்) கருகும்.

கேள்வி: என் சப்வூஃபருக்குப் போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி. ஆம்ப்ளிஃபயரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் ஆழமான பேஸ் போய்விடும் என்கிறார் நண்பர்.

பதில்: போட்டே ஆக வேண்டும். போர்ட் எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே பெட்டிக் காற்று கூம்பைத் தாங்குவதில்லை, கூம்பு கட்டில்லாமல் ஆடும். 32 ஹெர்ட்ஸ் பெட்டி என்றால் 25-க்கும் 30-க்கும் இடையே வையுங்கள். அதனால் போகும் பேஸ் எப்படியும் அந்தப் பெட்டியில் உருப்படியாக வராது. மூடிய பெட்டியாக இருந்தால் உங்கள் நண்பர் பேச்சைக் கேட்கலாம்.

கேள்வி: நிறுத்தி வைத்துக் கேட்டால் அருமையாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறியதும் பேஸ் மெலிந்துவிடுகிறது. கிராஸ்ஓவரை ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அது உங்கள் பேஸை மூடிவிடுகிறது. கிராஸ்ஓவரை ஏற்றினால் பாடகர் மறுபடி டிக்கிக்குப் போவார், பேஸ் திரும்பாது. ஹெட் யூனிட்டில் சப்வூஃபர் லெவல் என்று தனியாக இருக்கும். நெடுஞ்சாலைக்கு அதை மூன்று நான்கு படி ஏற்றுங்கள், ஊருக்குள் வந்ததும் இறக்குங்கள். அல்லது ஆம்ப்ளிஃபயருக்கான ரிமோட் திருகி கிடைத்தால் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்பெனி கொடுத்த ஹெட் யூனிட். ஹை பாஸ் வசதியே இல்லை. கதவு ஸ்பீக்கர்கள் அதிலிருந்தே ஓடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஒவ்வொரு கதவு ஸ்பீக்கரின் பிளஸ் கம்பியிலும் தொடராக ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் ஏறக்குறைய 400 மைக்ரோஃபாரட். துருவமற்ற வகையாக இருக்க வேண்டும், சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கூடாது. கதவிலேயே தனி ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) இணைந்திருந்தால் அதற்குப் பிரியும் இடத்தைத் தாண்டி, வூஃபர் கம்பியில் மட்டும் போடுங்கள். சரிவு வெறும் 6 டெசிபல்தான், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கதவு கரகரப்பதற்கு முன் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். சப்வூஃபரை 80-இலேயே வைத்துத் தொடங்குங்கள்.